செம்மண் தூசியில் தேய்ந்த ஷாக் அப்சார்பர்கள்: ஆத்தங்குடிக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024-ஆம் ஆண்டு தை மாதத்தில், காரைக்குடியிலுள்ள எங்கள் பட்டறைக்கு 2009-இல் பதிவான வேகன் ஆர் கார் ஒன்று வந்தது. மீட்டர் 1,12,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. உரிமையாளர் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்து விற்பவர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீர்த்தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்களின் மாதிரிகளை மரப்பெட்டிகளில் அடுக்கி டிக்கியில் ஏற்றிக்கொண்டு, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களுக்கெல்லாம் சென்று காட்டுவது அவருடைய அன்றாட வேலை. வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இதே காரில்தான்.

ஊர்களை இணைக்கும் சாலைகள் தார்ச்சாலைகளே என்றாலும், வேலை நடக்கும் இடங்களுக்குப் போகும் கடைசிப் பகுதி பெரும்பாலும் செம்மண் பாதையாகவோ கண்மாய்க் கரையாகவோ இருக்கிறது. கோடையில் அந்தப் பாதைகளில் எழும் சிவந்த தூசி மிக மென்மையானது, கதவு ரப்பரையும் தாண்டி உள்ளே வந்துவிடக்கூடியது. ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் சேறாகி வண்டியின் அடிப்பாகம் முழுவதும் அப்பிக்கொள்கிறது. இந்த நிகழ்வில் அந்த மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அவர் கூறிய குறைகள் மூன்று. சாமான் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் தாழ்ந்து, வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுகிறது என்பது முதலாவது. சிறு பள்ளங்களில் முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஓசை வருகிறது என்பது இரண்டாவது. திருச்சி–ராமேசுவரம் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பாலத்து மேடுகளில் வண்டி அலைகிறது, பின் இருக்கையில் அமரும் தாயாருக்குக் குமட்டல் வருகிறது என்பது மூன்றாவது. நடுக்கத்துக்காக அவர் ஏற்கெனவே வேறொரு பட்டறையில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்டும் செய்து, முன் டயர்கள் இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தார். நடுக்கம் சில காலம் குறைந்து மீண்டும் வந்துவிட்டது. அதோடு, புதிய டயர்களும் ஒருவித ஊளை ஓசை எழுப்பத் தொடங்கியிருந்தன.

நோய் என்ன என்பதை அவரே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். “அண்ணே, ஸ்பிரிங் உக்காந்து போச்சு. நாலு பக்கமும் ரப்பர் பஃபர் வச்சுக் குடுத்துருங்க, போதும்” என்றார். காயில் ஸ்பிரிங்கின் இரு சுற்றுகளுக்கிடையே செருகப்படும் ரப்பர் துண்டைத்தான் அவர் குறிப்பிட்டார். நம் பக்கத்தில் கனம் ஏற்றும் கார்களுக்கு இதைப் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். அன்று அதைப் போட்டு அனுப்பியிருந்தால் பின்பக்கம் உயர்ந்திருக்கும், அவரும் மகிழ்ச்சியோடு போயிருப்பார். அதைச் செய்யாததற்கான காரணங்களே இந்த ஆய்வின் முதன்மையான பகுதி.

வண்டி வந்த நிலையிலேயே ஓட்டிப் பார்த்தது

டிக்கியில் இருந்த பெட்டிகளை இறக்காமல், உரிமையாளரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். குறை எந்தச் சூழலில் தோன்றுகிறதோ அந்தச் சூழலிலேயே அதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்கியபோது முகப்பு ஒருமுறை தாழ்ந்து எழுந்து நிற்பதற்குப் பதிலாக, மீண்டும் தாழ்ந்து மீண்டும் எழுந்தது. பிரேக்கை அழுத்தும்போது முன்பக்கம் முழுமையாகக் குனிந்தது. வண்டி நின்ற பிறகும் அந்த அசைவு உடனே அடங்கவில்லை.

பிறகு கரடுமுரடான செம்மண் பாதையில் சற்று தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, முன் ஸ்ட்ரட்கள் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகப் பூட்டிய தூண்கள்) இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும்போது ஷாக் அப்சார்பர் அந்த அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டனிலுள்ள நுண்துளைகள், வால்வுகள் வழியாக நெருக்கிச் செலுத்தப்படும்போது அந்த வெப்பம் உண்டாகிறது. ஆகவே ஒழுங்காக வேலை செய்யும் ஷாக், கரடான பாதையில் ஓடிய பிறகு சூடாக இருக்க வேண்டும். இந்தக் காரில் இடது ஸ்ட்ரட் கையில் நன்றாகச் சூடு தெரிகிற அளவுக்கு இருந்தது, வலது ஸ்ட்ரட் ஏறக்குறைய வெளிக்காற்றின் வெப்பத்திலேயே இருந்தது. இன்ஜின், பிரேக் ஆகியவற்றின் வெப்பமும் அருகில் இருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே ஆக்சிலின் இரு பக்கங்களையும் ஒப்பிடும்போதுதான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

உயரத்தை அளந்தது

பட்டறைக்குத் திரும்பியதும், நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து எழுதிக்கொண்டோம். அதன்பின் பெட்டிகளை இறக்கினோம். எட்டு அங்குலக் கற்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. கல் ஒன்றை எடைபோட்டுக் கணக்கிட்டபோது மொத்தச் சுமை 90 கிலோவை ஒட்டி வந்தது. உடன் கொத்து வேலைக் கருவிப் பெட்டி ஒன்றும் மட்டப்பலகையும் இருந்தன. அதாவது, ஒன்றரை ஆளின் எடையைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைத்துக்கொண்டு இந்தக் கார் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கிறது. உரிமையாளருக்கு அது சுமையாகவே தோன்றவில்லை, ஏனெனில் அது எப்போதும் டிக்கியிலேயே இருந்தது.

சுமையை இறக்கியதும் பின்பக்கம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் எழுந்தது. வெறும் வண்டியில் இடது, வலது உயரங்களுக்கிடையே 3 மில்லிமீட்டர் வித்தியாசமே இருந்தது. ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ பெரும்பாலும் ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருக்கும், அல்லது வெறும் வண்டியே குந்தியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. சுமைக்கேற்ற அளவுக்கே ஸ்பிரிங் இறங்கியது, சுமை போனதும் தன் நிலைக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதில்தான் குழம்புகிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவதும் அதன் உயரத்தை நிர்ணயிப்பதும் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் நின்ற நிலையில் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் அசையத் தொடங்கிய பிறகு அந்த அசைவை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே வண்டி தாழ்ந்து நிற்பதைக் கொண்டு ஷாக் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வண்டி சரியான உயரத்தில் நிற்பதைக் கொண்டு ஷாக் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தக் காரில் தாழ்வுக்குக் காரணம் டிக்கியிலிருந்த கல், அலைச்சலுக்குக் காரணம் வேறு. இரண்டு குறைகளும் ஒன்றாகச் சேர்ந்து தோன்றியதால், உரிமையாளர் அவற்றுக்கு ஒரே மருந்தைத் தேடினார்.

அழுத்திப் பார்த்ததும் டயரைத் தடவிப் பார்த்ததும்

ஒவ்வொரு மூலையையும் உடல் எடையால் அழுத்தி விட்டுப் பார்த்தோம். முன் வலது மூலை எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்த பிறகே நின்றது. முன் இடது மூலையில் அசைவு அதைவிடக் குறைவு. பின்பக்கம் இரண்டும் சட்டென்று அடங்கின.

இந்தச் சோதனையை நான் முழுமையாக நம்புவதில்லை. காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை என்ற அளவில் மெதுவாக ஆடும் தன்மையுடையது. சக்கரமோ டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் விநாடிக்கு 10 முதல் 15 முறை என்ற அளவில் துள்ளும் தன்மையுடையது. ஷாக் இவ்விரண்டையும் அடக்க வேண்டும். கையால் அழுத்திப் பார்க்கும்போது பிஸ்டன் மெதுவாகத்தான் நகர்கிறது, உடலின் ஆட்டம் மட்டுமே சோதிக்கப்படுகிறது. வேகமான துள்ளலைக் கட்டுப்படுத்தும் வால்வு தேய்ந்திருந்தால் அது இந்தச் சோதனையில் அகப்படாமலே போகலாம். அழுத்திப் பார்த்ததில் தோற்ற ஷாக் பழுதானதே. ஆனால் தேறிய ஷாக் நல்லது என்பதற்கு அது ஒன்றே சான்றாகாது.

சக்கரத் துள்ளலின் தடயம் டயரில் பதிந்திருக்கும். முன் வலது டயரைச் சுழற்றியபடி உள்ளங்கையை அதன் மேற்பரப்பில் வைத்தபோது, மேடும் பள்ளமும் மாறி மாறிக் கைக்குத் தெரிந்தன. பள்ளம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு முழுச் சுற்று முடிந்ததும், அந்தக் கோடுகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் டயரைச் சுற்றி வரிசையாக நின்றன. காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும், மிகுந்தால் நடுப்பகுதியும் தேயும், டோ அளவு (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பிசகினால் பட்டைகளின் விளிம்பு ஒரு பக்கமாகக் கூர்மையாகும். இப்படிக் கிண்ணம் கிண்ணமாகக் குழிவது, சக்கரம் சாலையை விட்டு எழுந்தும் அதன்மேல் அழுந்தியும் ஓடியிருக்கிறது என்பதற்கான அறிகுறி. சமநிலையற்ற சக்கரமும் இதைச் செய்யக்கூடும், ஆனால் பேலன்சிங் அண்மையில்தான் பார்க்கப்பட்டிருந்தது. எங்கள் கருவியில் வைத்துப் பார்த்தபோதும் பிழை எதுவும் இல்லை. ஊளை ஓசைக்கும் ஸ்டியரிங் நடுக்கத்துக்கும் இந்தக் குழிகளே நேரடிக் காரணம்.

முந்தைய பட்டறையில் செய்த வேலையைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஸ்டியரிங் நடுங்குகிறது என்ற புகாருக்கு முதலில் பேலன்சிங்கைப் பார்ப்பது முறையானதே. ஆனால் டயரைக் கழற்றிய அன்று பழைய டயரின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்திருந்தால், புதிய டயர் இரண்டும் தப்பித்திருக்கும்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது

சக்கரங்களை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து அசைத்துப் பார்த்ததில் வீல் பேரிங்கிலோ டை ராடிலோ ஆட்டம் இல்லை. கடப்பாரை முனையால் நெம்பிப் பார்த்ததில் பால் ஜாயிண்டும் சரியாக இருந்தது. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களில் மேலோட்டமான வெடிப்புகள் மட்டும் தெரிந்தன. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ்கள் தளர்ந்திருந்தன.

வலது ஸ்ட்ரட்டின் நிலைதான் கவலைக்குரியதாக இருந்தது. பிஸ்டன் ராடை மூடியிருக்க வேண்டிய ரப்பர் டஸ்ட் கவர் கிழிந்து போய், மேலே ஒரு வளையம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதனுள் இருக்க வேண்டிய, ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பர் நொறுங்கி, அதன் துணுக்குகள் கீழ் ஸ்பிரிங் தட்டில் கிடந்தன. ராடைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் மேல் சீலிலிருந்து கசிந்த எண்ணெயும் செம்மண்ணும் கலந்து, குழைத்த குங்குமம் போல் ஸ்ட்ரட்டின் உடல் முழுவதும் வழிந்து காய்ந்திருந்தன. துணியால் துடைத்ததும், பளபளப்பாக இருக்க வேண்டிய குரோம் பூச்சில் நீளவாக்கில் கீறல்களும் இடையிடையே துருப்புள்ளிகளும் தெரிந்தன. நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தால் தட்டியது.

சீலுக்கு அருகில் மெல்லிய எண்ணெய்ப் பசை படர்ந்திருப்பது இயல்பு. ராடுக்கு உயவு கொடுக்கும் எண்ணெய்ப் படலம் அது, அதைப் பார்த்ததும் ஷாக்கை மாற்றச் சொல்வது நேர்மையாகாது. இங்கே கண்டது பசை அன்று, கோடுகோடாக இறங்கிய ஒழுக்கு. இடது ஸ்ட்ரட்டில் ஒழுக்கு இல்லை, ஆனால் அதன் டஸ்ட் கவரும் பாதி கிழிந்திருந்தது.

‘டொக்’ ஓசையின் மூலத்தைத் தேட, வண்டியைத் தரையில் இறக்கி, உதவியாளரை ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வலதுபுறத்தில் ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு சீராகச் சுழலாமல், முறுகி நின்று பிறகு திடீரென்று துள்ளியது. ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள பேரிங் இறுகிவிட்டதை அது காட்டியது. இந்தக் காரின் முன்பக்கத்திலுள்ள மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஷாக் அப்சார்பர் வெறும் ஷாக் மட்டுமன்று. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுவே, ஸ்டியரிங் திரும்பும் அச்சும் அதுவே. ஆகையால் பிஸ்டன் ராடின் மேல் பக்கவாட்டு விசையும் தொடர்ந்து விழுகிறது. ராடின் வழிகாட்டி தேய்ந்தால் அதுவும் தட்டும், மேல் மவுண்டிங் தளர்ந்தாலும் தட்டும், பம்ப் ஸ்டாப்பர் இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு மோதும். இந்தக் காரில் மூன்றும் ஒன்றாக இருந்தன.

கண்டவற்றை வரிசைப்படுத்தினால் காரணச் சங்கிலி தெளிவாகிறது. வயதாலும் வெயிலாலும் டஸ்ட் கவர் கிழிந்தது. ராடின் மேல் செம்மண் தூசி படிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ராட் உள்ளே போய் வரும்போது அந்தத் தூசி குரோமையும் சீலின் உதட்டையும் ஒருசேர அறுத்தது. எண்ணெய் குறைந்தது, சக்கரம் துள்ளியது, டயர் குழிந்தது, ஸ்டியரிங் நடுங்கியது. தயாரிப்பாளர்கள் பொதுவாக 80,000 கிலோமீட்டர் அளவில் ஷாக்கைச் சோதிக்கச் சொல்வதுண்டு, அந்தக் கணக்கிலும் இது காலம் கடந்த வண்டிதான். என்றாலும் ஓடிய தூரத்தை மட்டும் காரணமாகக் கொண்டு புதிய ஸ்ட்ரட்டைப் போட்டுவிட்டு, கிழிந்த கவரை அப்படியே விட்டிருந்தால், புதியதும் அதே வழியில்தான் போயிருக்கும்.

எடுத்த முடிவுகள்

ரப்பர் பஃபர் வேண்டாம் என்று உரிமையாளரிடம் முதலிலேயே சொன்னேன். பஃபர் வைத்தால் ஸ்பிரிங் விறைப்பாகிறது. விறைப்பான ஸ்பிரிங் அதிக விசையோடு திரும்பும், அதை அடக்க அதிக வலுவுள்ள ஷாக் தேவைப்படும். இருக்கும் ஷாக்கே வலுவிழந்து நிற்கும்போது ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் வண்டி உயரும், ஆனால் அலைச்சலும் துள்ளலும் கூடும். சுமை கூடினாலும் இதே விளைவுதான், ஆடும் எடை மிகுந்தால் அதே ஷாக்குக்கு அதை அடக்கும் திறன் குறைகிறது. அவருடைய வண்டியில் தேய்ந்த ஷாக்கும் நீங்காத சுமையும் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. மூன்றாவதாக விறைப்பான ஸ்பிரிங்கையும் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒழுகும் வலது ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றலாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் ஒதுங்கும்போதும் இரு சக்கரங்களும் சாலையைப் பற்றும் விதம் வேறுபடும். ஜோடியாக மாற்றுவதற்கு அதுவே காரணம், விற்பனைக்காகச் சொல்வதன்று.

பழையதையே பிரித்து எண்ணெய் நிரப்பித் தரும் ரீகண்டிஷன் வேலையைப் பற்றியும் பேசினோம். குழாயை அறுத்து, சீலை மாற்றி, எண்ணெய் ஊற்றி, மீண்டும் வெல்டிங் வைத்துத் தருவார்கள். இந்தக் காரின் ஷாக், கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் வகை. எண்ணெய் நுரைத்துவிடாமல் காப்பது உள்ளிருக்கும் குறைந்த அழுத்த நைட்ரஜன். அந்த அழுத்தமும், வால்வின் அளவும், எண்ணெயின் தன்மையும் அந்த வேலையில் பழையபடி வருவதில்லை. அத்தோடு கீறல் விழுந்த ராட் புதிய சீலையும் அறுத்துவிடும். ஆகவே அதையும் விலக்கினோம்.

இறுதியில், முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்ட்ரட்கள், இரு பக்கமும் புதிய மேல் மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், ஸ்டெபிலைசர் புஷ்கள் என்று முடிவானது. பின்பக்க ஷாக்குகளில் ஒழுக்கும் இல்லை, அழுத்திப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை, உரிமையாளருக்கும் செலவைப் பிரித்துச் செய்ய விருப்பம். எனவே முன்பக்கம் முடிந்ததும் மீண்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டோம். குழிந்த டயர்களின் ஊளை ஸ்ட்ரட் மாற்றியதால் மறைந்துவிடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். ஏற்கெனவே வாங்கிய அந்த இரண்டு டயர்களின் விலை, முன் ஸ்ட்ரட் ஜோடியின் விலையைவிட அதிகம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆவணியில் வண்டிக்குப் 15 ஆண்டு நிறைகிறது, இவ்வளவு செலவு தேவையா என்றும் அவர் தயங்கினார். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இன்ஜினும் உடலும் நன்றாக இருந்ததால், வண்டியை வைத்துக்கொள்வதே அவருக்கு லாபம் என்று கருதினேன்.

வேலை நடந்த விதம்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்தினோம். பிரேக் ஹோஸை அதன் பிடியிலிருந்து விடுவித்து, ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் போல்ட்டுகளின் நிலையைக் குறியிட்டுக்கொண்டோம். போல்ட்டுகளைக் கழற்றியதும் நக்கிளைக் கம்பியால் கட்டித் தாங்கினோம். அப்படிக் கட்டாமல் விட்டால் நக்கிள் வெளியே சாய்ந்து, பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்டும் விலகிவிடக்கூடும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் கட்டம்தான் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தானது. ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிர்ப் பக்கங்களில் பூட்டிச் சமமாக இறுக்கி, ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகி ஆடுவதைக் கையால் உறுதிசெய்த பிறகே நடு நட்டைத் தொட அனுமதித்தேன். வண்டியில் இருக்கும்போதே அந்த நட்டைக் கழற்ற முயல்வதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எதிரில் நிற்பவரின் முகத்தைத் தாக்கும். இதை எங்கள் பட்டறையில் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்கிறோம்.

கழற்றிய இடது ஸ்ட்ரட் ஒழுகவில்லை என்பதால் அது நல்லதாக இருக்குமோ என்ற ஐயம் உதவியாளருக்கு இருந்தது. அதைச் செங்குத்தாக வைஸில் பிடித்து ராடை உள்ளே தள்ளினோம். கேஸ் உள்ள ஷாக்கின் ராட் கையை எடுத்ததும் தானாக மெல்ல எழ வேண்டும், இது தள்ளிய இடத்திலேயே நின்றது. மேலே இழுக்கத் தொடங்கும்போது சிறிது தூரம் எந்தத் தடையும் இல்லாமல் வெறுமையாக வந்து, பிறகே பிடித்தது. வெளியே ஒரு சொட்டும் கசியாத ஷாக், உள்ளே கேஸை இழந்திருந்தது.

ஸ்பிரிங்குகளைக் கழுவி, குறிப்பாகக் கீழ்ச் சுற்றின் முனையில் வெடிப்பு உண்டா என்று பார்த்தோம். சேறு தேங்கித் துருப்பிடித்து ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வெடிப்பு இல்லை, அதே ஸ்பிரிங்குகளையே மீண்டும் போட்டோம். புதிய ஸ்ட்ரட்களைச் செங்குத்தாக நிறுத்தி, ராடைச் சில முறை முழுமையாக அழுத்தி இழுத்து, படுக்கையில் கிடந்தபோது உள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே பூட்டினோம். ராடைப் பிளேயரால் பிடிக்கவில்லை, இம்பாக்ட் கன்னால் சுழற்றவும் இல்லை. புதிய குரோமில் ஒரு கீறல் விழுந்தாலும் பழைய கதை மீண்டும் தொடங்கிவிடும். டஸ்ட் கவரின் கீழ் விளிம்பு ஸ்ட்ரட்டின் தலையில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்பதை நானே விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். எல்லா போல்ட்டுகளும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்கப்பட்டன. நக்கிள் போல்ட்டைக் கழற்றினால் கேம்பரும் (சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு) டோவும் மாறக்கூடும் என்பதால், வீல் அலைன்மென்டும் அன்றே செய்யப்பட்டது.

குழிந்த டயர்களைப் பின்பக்கத்துக்கும், சீராகத் தேய்ந்திருந்த பின் டயர்களை முன்பக்கத்துக்கும் மாற்றினோம்.

பின்பக்கம்

மீண்டும் அதே பாதையில், அதே சுமையோடு ஓட்டினேன். முகப்பு வேகத்தடையில் ஒருமுறை எழுந்து நின்றது, ‘டொக்’ ஓசை போய்விட்டது, ஸ்டியரிங் 70-க்கு மேலும் அமைதியாக இருந்தது. ஆனால் பின்பக்கம் சிறு மேடுகளில் பக்கவாட்டில் ஒதுங்கித் துள்ளுவது இப்போது தெளிவாகத் தெரிந்தது. முன்பு முன்பக்கத்தின் அலைச்சல் அதை மறைத்திருந்தது.

குழிந்த டயர்களைப் பின்னால் போட்டதால் வந்த துள்ளலா, ஷாக்கின் குறையா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. இந்தக் காரில் பின் ஷாக் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக இருப்பதால் கழற்றுவது எளிது. ஆக்சிலை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு இரண்டையும் கழற்றி, செங்குத்தாகப் பிடித்துக் கையால் இயக்கிப் பார்த்தோம். இரண்டிலும் திசை மாறும் இடத்தில் வெறுமை இருந்தது, வலதில் அதிகம். வெறும் வண்டியை அழுத்திப் பார்த்தபோது தேறிய ஷாக்குகள்தான் இவை. 90 கிலோ சுமையோடு அவற்றால் இயலவில்லை.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னதும், நேரில் வந்து கையால் இழுத்துப் பார்த்தார். அதன்பின் அவரே மாற்றச் சொல்லிவிட்டார். பின்பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டி தரையில் இறங்கித் தன் எடையில் நின்ற பிறகே முழுமையாக இறுக்கினோம். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர், வண்டி இறங்கியதும் முறுகிய நிலையிலேயே நின்று, சீக்கிரம் கிழிந்துவிடும்.

பின்விளைவு

குமட்டல் நின்றுவிட்டதாகத் தாயார் சொன்னார் என்று உரிமையாளர் சில வாரங்களில் தெரிவித்தார். பிரேக் பிடிக்கும்போது முகப்பு குனிவது குறைந்ததை அவர் தாமாகவே குறிப்பிட்டுச் சொன்னது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஷாக் அப்சார்பர் என்பது சொகுசுக்கான பொருள் என்று எண்ணுகிறவர்கள் பலர், ஆனால் துள்ளும் சக்கரம் சாலையைத் தொடாத கணங்களில் பிரேக்குக்கும் பயன் இல்லை. டயர்களின் ஊளை உடனே போகவில்லை, பின்பக்கத்தில் ஓட ஓட மெல்லக் குறைந்தது.

ஆவணியில் தகுதிச் சோதனைக்கு முன் வண்டி மீண்டும் எங்களிடம் வந்தது. டஸ்ட் கவர்கள் முழுமையாக இருந்தன, ராடுகளில் கீறல் இல்லை, ஒழுக்கு இல்லை. முன் டயர்களைத் தடவிப் பார்த்ததில் மேடுபள்ளம் எதுவும் தெரியவில்லை. சோதனையில் தேறி, பதிவு 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. டிக்கியில் ஒரு வடிவத்துக்கு ஒரு கல் என்று குறைத்து, சுமையை 30 கிலோ அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அடிப்பாகம் உரசும் குறை அதனாலேயே தீர்ந்துவிட்டது, அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

நடைமுறையில் செய்த மாற்றங்கள்

வண்டியை ஏற்கும் படிவத்தில், டிக்கியில் நிரந்தரமாக என்ன இருக்கிறது என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். அரிசி மூட்டை, கல், சமையல் பாத்திரம் என்று வரும் பதில்கள் வேலையின் போக்கையே மாற்றுகின்றன. சுமையோடு ஓடும் வண்டியில் முன் ஸ்ட்ரட் பழுதாகி இருந்தால், பின் ஷாக்குகளையும் அதே நாளில் கழற்றிக் கையால் இயக்கிப் பார்த்துவிடுகிறோம். அழுத்திப் பார்த்ததில் தேறியதை மட்டும் நம்பி விடுவதில்லை.

செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டார்ச் அடித்து டஸ்ட் கவரைப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. கவர் மட்டும் கிழிந்து ராட் இன்னும் கீறல்படாமல் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், ஸ்ட்ரட்டைப் பிரித்துக் கவரையும் ஸ்டாப்பரையும் மாத்திரம் மாற்றினால் போதும். அப்படி அந்த ஆண்டு பங்குனிக்குள்ளேயே சில வண்டிகளின் ஸ்ட்ரட்கள் தப்பின. அவற்றில் பெரும்பாலானவை இதே உரிமையாளர் அனுப்பிவைத்த ஆத்தங்குடி வண்டிகள்.